இல்லையேல் என்ன?

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. கோலிய அணையே வெள்ளமாக மாறினால் என்செய்வது? 1961ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள் நாம் வாழும் இப்புனே நகரின்முன் எழுந்த வினா அதுவே.

நகருக்குத் தென்மேற்கே, அம்பி ஆற்றின் குறுக்கே, பான்ஷெட்டில் மண் அணை ஒன்று எழுந்துகொண்டிருந்தது. பணி முற்றுப்பெறாத நிலையிலேயே அவ்வாண்டுப் பருவமழையின் நீர் அதில் தேங்கியது. நீரை வெளியேற்றும் அமைப்பும் நிறைவுறவில்லை. மழை அளவோடு பெய்யும், எஞ்சியதைப் பிறகு முடிக்கலாம் என்று எண்ணினர் போலும். மழையோ வலுத்தது, அணையின் ஒரு பகுதி அமிழத் தொடங்கியது. படைவீரர் இரவெல்லாம் மணல்மூட்டை அடுக்கினர். காலையில் அணை உடைந்தது. நள்ளிரவில் உறங்குவோர்மீது பாய்ந்திருக்கக்கூடிய வெள்ளம் பகலில் வந்தது. அவ்வீரர் ஈட்டித் தந்த சில மணி நேரத்தால் பிழைத்தோர் பலர்.

கீழே, 19ஆம் நூற்றாண்டில் கல்லால் கட்டப்பெற்ற கடக்வாஸ்லா அணையும் அப்பெருக்கைத் தாங்காது உடைந்தது. முட்டா நதிக்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் குடிநீருக்குத் தவிப்பு. நகருக்கு நீரளித்தது கடக்வாஸ்லா அன்றோ! அப்போது கைகொடுத்தவை பழைய கிணறுகளும், பேஷ்வாக்கள் 18ஆம் நூற்றாண்டில் காத்ரஜிலிருந்து அமைத்த நீர்வழியுமே. பழையதென்று முற்றும் தூர்க்காது விட்டது நற்பேறாயிற்று.

வருங்காலம் ஒன்றே எனக் கணக்கிடுவது திட்டமாகாது. பலவாறு நேரலாமென எண்ணி, ஒவ்வொன்றுக்கும் வழி வகுப்பதே திட்டம். எண்ணெய் விலை திடீரென உயரக்கூடும் என்பதையும் ஷெல் நிறுவனத்தார் முன்னரே ஆராய்ந்து வைத்திருந்தனர். 1973இல் அது நேர்ந்தபோது பிறரினும் விரைந்து செயற்பட்டனர். அது சோதிடமன்று, 'இல்லையேல் என்ன?' என்று கேட்கும் பழக்கமேயாகும்.

நம்மிற் பலர் மாற்றல் உத்தரவொன்றைக் கையிலேந்தி இந்நகர் வந்தோம். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவோம் என்னும் ஒரே கணக்கில் வாழ்கின்றோம். பிள்ளைகள் இங்கேயே வேரூன்றிவிட்டால்? ஊரில் உள்ள வீடு காப்பாரற்றுப் போனால்? பேரன் தமிழ் எழுத்தறியாது வளர்ந்தால்? இவ்வினாக்களை இல்லந்தோறும் இன்றே கேட்போம். அணை அமிழ்ந்த இரவில் மணல்மூட்டை சில மணி நேரமே தரும். மழைக்கு முந்திய கோடையோ பல திங்கள் தந்திருக்கும்.