உணவுப் பொருள் வாங்க வரும் இடத்தில்: இரண்டு வயதுக் குழந்தையின் நடத்தையும் குடும்பத்துக்கான உதவியும்

மனிதர் மிக அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் பதின்பருவத்தில் அல்ல, இரண்டு மூன்று வயதில்தான். கனடாவின் மொன்றியால் நகரில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளேயும் அவருடைய குழுவினரும் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து இதை நிறுவினர். பெரும்பாலான பிள்ளைகளிடம் இந்த மூர்க்கம் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் தணிந்துவிடுகிறது. ஒரு சிறு பகுதியினரிடம் மட்டும் தணிவதில்லை. சிறுவயதில் தொடங்கி வாழ்நாள் முழுதும் நீளும் இந்தப் போக்கை, பதின்பருவத்தில் தோன்றி மறையும் குறும்பிலிருந்து வேறுபடுத்திக் காட்டியது டெரி மோஃபிட் 1993இல் வெளியிட்ட கட்டுரை. எல்லாக் குழந்தைகளும் அடம்பிடிக்கும்போது சிலரிடம் மட்டும் அது ஏன் ஊன்றிவிடுகிறது? விடையைக் குழந்தையின் குணத்தில் தேடுவதைவிட, வீட்டில் நாள்தோறும் நடக்கும் சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கல்களில் தேடுவதே பொருத்தம்.

அப்படித் தேடியவர் ஜெரால்ட் பேட்டர்சன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அவருடைய குழுவினர் வீடுகளுக்குச் சென்று, தாயும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் என்ன செய்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி குறித்தனர். அவர்கள் கண்டது இதுதான். தாய் ஒன்றைச் செய்யச் சொல்கிறாள், பிள்ளை சிணுங்குகிறது. அவள் குரலை உயர்த்துகிறாள், பிள்ளை அலறுகிறது. களைத்துப்போய், "சரி, போ" என்று அவள் விட்டுவிடுகிறாள். அந்தக் கணமே அலறல் நிற்கிறது. அலறினால் வேலை தவறும் என்று பிள்ளை கற்கிறது. விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று தாய் கற்கிறாள். உளவியலார் எதிர்மறை வலுவூட்டல் என்று கூறுவது இதையே. இதில் கொடியவர் எவரும் இல்லை. இருவருக்கும் அந்த நேரத்தில் நிம்மதி கிடைக்கிறது. ஒரு நாளில் பலமுறை இப்படி நடந்தால், அடுத்தமுறை இருவரும் இன்னும் உரத்த இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். பேட்டர்சன் 1982இல் நூலாக விரித்துரைத்த இக்கோட்பாட்டின் பெரும் கொடை, குற்றம் சாட்டாமல் காரணம் சொன்னது என்பேன்.

இந்த அறிவை யாரிடம், எப்படிக் கொண்டுபோவது? மருத்துவமனையில் ஆலோசனை மையம் திறந்து வைத்தால் வருபவர்கள் பெரும்பாலும் நேரமும் வண்டிச் செலவும் உடையவர்கள். மிகவும் தேவைப்படும் குடும்பம் தானாக வந்து கதவைத் தட்டுவதில்லை. ஆகவே தாமஸ் டிஷியன், டேனியல் ஷா ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும், குடும்பங்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த இடத்துக்குப் போனார்கள். அமெரிக்காவில் வருமானம் குறைந்த தாய்மார்க்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் உணவுப் பொருள் வழங்கும் விக் என்ற கூட்டரசுத் திட்டத்தின் மையங்களே அந்த இடம். பிட்ஸ்பர்க் பெருநகர், யூஜின் என்னும் நடுத்தர ஊர், சார்லட்ஸ்வில்லும் அதன் சுற்றுப்புறமும் ஆகிய மூன்று இடங்களில் 2002–2003இல், இரண்டு வயதுக் குழந்தை உள்ள 731 குடும்பங்கள் சேர்க்கப்பட்டன. குழந்தையின் நடத்தை, தாயின் மனச்சோர்வு போன்ற குடும்பத் தொல்லைகள், வறுமை ஆகிய மூன்று வகை இடர்களில் குறைந்தது இரண்டேனும் உள்ளவர்களையே தேர்ந்தனர். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் 'குடும்பப் பரிசோதனை' என்ற குறுகிய உதவியை அளித்தனர்.

அதன் முறை எளியது. ஆலோசகர் வீட்டுக்கே வருகிறார். முதலில் பெற்றோரின் கவலைகளைக் கேட்கிறார். பொம்மைகளை எடுத்து வைப்பது, மதிய உணவு ஆயத்தம் செய்து உண்பது போன்ற வழக்கமான வேலைகள் ஒளிப்பதிவாகின்றன. பின்னர் நடக்கும் சந்திப்பில், தாய் எதை நன்றாகச் செய்கிறாள் என்பதிலிருந்து பேச்சு தொடங்குகிறது. எதை மாற்ற விரும்புகிறாள் என்பதை அவளே முடிவு செய்கிறாள். வேண்டுமென்றால் மேலும் சில சந்திப்புகள் உண்டு, வேண்டாமென்றால் இல்லை. மறு ஆண்டு திரும்பவும் வருகிறார்கள். ஆண்டுதோறும் திரும்பி வருவதுதான் இத்திட்டத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம். இரண்டு வயதில் வரும் சிக்கலும் நான்கு வயதில் வரும் சிக்கலும் ஒன்றல்ல.

2008இல் வெளியான முடிவுகளின்படி, உதவி பெற்ற குடும்பங்களில் நான்கு வயதுக்குள் நடத்தைச் சிக்கல் மற்றக் குழுவைவிடக் குறைந்திருந்தது. நல்ல நடத்தையைக் கண்டு பாராட்டுவது, சிக்கல் எழுமுன் சூழலை அமைத்துக் கொடுப்பது ஆகியவற்றில் பெற்றோர் முன்னேறியிருந்ததையும் ஒளிப்பதிவுகள் காட்டின. குழந்தைகளின் மாற்றத்துக்கு அந்த முன்னேற்றம் வழியாக இருந்தது. மறு ஆண்டு ஷா வெளியிட்ட ஆய்வு இன்னொரு வழியையும் காட்டியது: தாயின் மனச்சோர்வு தணிந்த அளவுக்குக் குழந்தையின் மூர்க்கமும் கலக்கமும் தணிந்தன. குழந்தையைத் திருத்துவதற்கென்று தொடங்கிய வேலை தாயைத் தாங்கியதால் பலித்தது. இந்த ஒரு முடிவுக்காகவே அந்த ஆய்வைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

விளைவின் அளவு சிறியது, பெற்றோர் சொன்னதை வைத்து அளந்தது என்ற மறுப்புகள் நியாயமானவை. ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் ஒன்று மறைந்துவிடுகிறது. பயன் பெரும்பாலும், இரண்டு வயதிலேயே அதிகச் சிக்கல் காட்டிய குழந்தைகளிடம் குவிந்திருந்தது. பெற்றோரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதுமில்லை. பின்னர் ஏழரை வயதில் பள்ளி ஆசிரியர்களும் உதவி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் எதிர்ப்பு நடத்தை குறைந்திருக்கக் கண்டனர். வேல்ஸில் ஜூடி ஹட்சிங்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் செல்கிறது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கான ஷ்யூர் ஸ்டார்ட் என்ற அரசுச் சேவை இருந்த 11 பகுதிகளில், இடர் மிகுந்த மூன்று நான்கு வயதுக் குழந்தைகளைக் கொண்ட 153 குடும்பங்கள் அதில் பங்கேற்றன. பெற்றோருக்கு 12 வாரக் குழுப் பயிற்சி அளித்தபின் குழந்தைகளின் நடத்தை தெளிவாகச் சீரடைந்தது.

பெற்றோரைப் பழிசொல்வதாக இது முடியாதா என்ற அச்சமே எனக்கு முக்கியமானது. உதவியை ஒரு தண்டனையாகவோ கண்காணிப்பாகவோ வழங்கினால் அந்த அச்சம் உண்மையாகிவிடும். பால், முட்டை, தானியம் வாங்க வரும் இடத்திலேயே, மற்ற உதவிகளோடு இதையும் விருப்பமுள்ளோர்க்கு வழங்கினால் தலைகுனிவுக்கு இடமில்லை. உணவு மையங்களை நடத்தும் அரசுகள் வீட்டுக்கு வரும் ஆலோசகரையும் அந்தச் சேவையில் ஒருவராகச் சேர்த்து, குழந்தை பள்ளிக்குப் போகும்வரை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். தாயின் மனச்சோர்வுக்கான சிகிச்சையையும் அதே நிதியிலிருந்து தர வேண்டும்.