விதைநெல்லும் கலப்பிரிவும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் திசையிலுள்ளதாற் படுவான்கரை எனப்பட்ட நிலப்பரப்பில், தான்தோன்றீச்சரர் ஆலயத்தாற் சிறப்புற்ற ஊர் கொக்கட்டிச்சோலை. சுற்றிலும் வயல்வட்டைகள். அறுவடையில் நல்ல மணியைத் தெரிந்து விதைநெல்லாகக் காப்பது அங்கு தொன்றுதொட்ட வழக்கம். விதைத்த இனமே மீண்டும் விளைகிறது. இனம் மாறாதிருப்பது எங்ஙனம்? அவ்வாறாயின், புதிய நெல்லினங்கள் பிறப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை, பயிரின் கலங்கள் பிரியும் முறையில் அடங்கியுள்ளது.

கலத்தின் கருவுக்குள் இழைபோன்ற உருக்கள் தோன்றிப் பிரிவதை ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெமிங் சலமந்தரின் இளம் உயிர்களில் ஆராய்ந்து, 1882 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இழையுருப்பிரிவு என்னும் பெயர் இதனால் அமைந்தது. அவ்விழைகளே நிறமூர்த்தங்கள். நெல்லின் உடற்கலத்தில் அவை 12 சோடிகளாக 24 உள்ளன. 1910 இல் ஜப்பானியரான குவாடா இத்தொகையைக் கண்டறிந்தார். வேர் நீளும்போதும் மட்டம் வெடிக்கும்போதும் ஒவ்வொரு நிறமூர்த்தமும் முதலில் தன்னை இரட்டித்துக்கொள்கிறது. பின்னர் பிரதிகள் இரு கலங்களுக்கும் சமமாகச் செல்கின்றன. ஆதலின் ஒவ்வொரு புதுக்கலத்திலும் 24 குறையாதிருக்கின்றன.

பயிர் குடலைப் பருவம் எய்தும்போது, பூவினுள்ளே வேறொரு பிரிவு நிகழ்கிறது. நிறமூர்த்தங்கள் ஒருமுறை இரட்டிக்க, கலமோ இருமுறை பிரிகிறது. விளையும் நான்கு கலங்களிலும் 12 வீதமே உண்டு. தாயும் தந்தையும் சமபங்கு அளிப்பதை 1883 இல் பெல்ஜிய அறிஞர் வான் பெனெடன் குதிரையின் வட்டப்புழுவிற் கண்டார். 1905 இல் ஆங்கிலேயரான பார்மரும் மூரும் இப்பிரிவுக்குக் குறைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பெயராக இட்டனர். தமிழில் அது ஒடுக்கற்பிரிவாயிற்று. மகரந்தத்தின் 12 உம் சூலின் 12 உம் கூடி மீண்டும் 24 ஆகின்றன. இவ்வொடுக்கம் இல்லையேல் தலைமுறைதோறும் தொகை இரட்டித்துக்கொண்டே போகும்.

ஒவ்வொரு சோடியிலும் எந்த நிறமூர்த்தம் எக்கலத்தைச் சேரும் என்பது தற்செயலே. 12 சோடிகளும் இவ்வாறு பிரியும்போது 4,096 வகைச் சேர்க்கைகள் இயலும். எனினும் நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. பல தலைமுறைகளில் சோடிகள் ஒத்தவையாகிவிடுதலால், எவ்வாறு பிரிந்தாலும் இனம் மாறுவதில்லை. இதுவே விதைநெல்லின் நிலைபேற்றுக்குக் காரணம்.

இந்நிலைபேற்றைக் கலைத்தே புதிய இனம் ஆக்கப்படுகிறது. ஒரு பூவின் ஆறு கேசரங்களையும் நீக்கி, வேறோர் இனத்தின் மகரந்தத்தை அதன்மேல் தூவுவர். முதல் தலைமுறை ஒருதன்மையாய் விளையும். அடுத்த தலைமுறையில் பலவகைப் பயிர்கள் தோன்றும். நல்லனவற்றைத் தெரிந்து, பண்புகள் நிலைபெறும் வரை தொடர்ந்து பயிரிடுவர். இலங்கையின் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் 1952 இல் நிறுவப்பட்டது. இலங்கையின் முருங்கக்காயன் 302 ஐயும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லையும் கலந்து, ஹெக்டர் வீரரத்ன 1950களில் உருவாக்கிய எச்-4, பின்னர் நாடெங்கும் பரவியது.

ஆயினும் ஒடுக்கற்பிரிவு, பெற்றோரிடத்து உள்ளதைப் பலவாறு பங்கிடுமேயன்றி, இல்லாததைத் தரமாட்டாது. வரட்சியையும் நோயையும் தாங்கும் ஒரு பழைய நெல் அழிந்துபோயின், அதன் பண்பை எக்கலப்பாலும் மீட்டல் அரிது. பேராதனைக்கு அண்மையிலுள்ள கண்ணொறுவையில் தாவர மரபுவள நிலையம் பழைய விதைகளைக் குளிரிற் காத்துவருவதும் இதன் பொருட்டே. படுவான்கரை உழவர் பழைய இனத்தின் விதைநெல்லில் ஒரு மரைக்காலைக் கைவிடாது காப்பதும் அதே பணியின் பாற்பட்டதாகும்.