ஒடுக்கு விழுந்த அலுமினியம்

அலுமினியம் தமிழ்நாட்டுக்கு அடுக்களை வழியாக வந்தது. 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். செம்பும் பித்தளையும் தட்டிப் பழகிய கைகளுக்கு இந்த இளகிய வெள்ளை உலோகம் எளிதில் வசப்பட்டது. சட்டியில் ஒடுக்கு விழுந்தால் யாரும் கலங்குவதில்லை. உள்ளே முட்டுக்கொடுத்து வெளியே நாலு தட்டு தட்டினால் ஒடுக்கு எடுபட்டுவிடும். மறுநாளும் அதிலேயே சோறு வேகும்.

அதே உலோகத்தில் செய்த சைக்கிள் ஃபிரேமில் அதே அளவு ஒடுக்கு விழுந்தால்? அப்படியே ஓட்டலாமா, தட்டி நிமிர்த்தலாமா, தூக்கித்தான் போட வேண்டுமா? இந்தக் கேள்விக்கான பதிலைச் சைக்கிள்காரர்கள் மட்டும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அதன் பெரும்பகுதி ரயில் தண்டவாளத்திலும் கடலில் விழுந்த விமானங்களிலும் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது.

1886இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தைக் கொண்டு அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். அதுவரை நகைக்கடைச் சரக்காக இருந்த உலோகம் மளமளவென்று விலை இறங்கியது. அடுத்த பத்தாண்டிலேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 'லூ-மி-னம்' என்ற சைக்கிள் பிறந்தது. செய்தவர்கள் குளிர்பெட்டியும் மரத் தூம்பும் செய்துவந்த ஒரு கம்பெனியார். ஃபிரேமை ஒரே வார்ப்பாக அலுமினியத்தில் வார்த்தார்கள். பற்றவைப்பு இல்லை, இணைப்பு இல்லை. ஆனாலும் சைக்கிள் உலகம் எஃகுக் குழாயைத்தான் கைப்பிடித்தது. அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு அலுமினிய ஃபிரேம் அபூர்வப் பொருளாகவே இருந்தது.

எஃகை நம்ப ஒரு நல்ல காரணம் இருந்தது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நேற்றுவரை நன்றாக ஓடிய அச்சு இன்று ஏன் முறிகிறது? பிரஷ்ய ரயில்வேயின் பொறியாளர் ஆகுஸ்ட் வோலர் இந்தப் புதிரோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். அச்சுகளைச் சுழலவிட்டு, திரும்பத் திரும்ப வளைத்து, எத்தனையாவது சுற்றில் முறிகின்றன என்று எண்ணினார். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமும், போதுமான தடவை வந்து போனால் உலோகத்தை முறித்துவிடும் என்று தெரிந்தது. ஆனால் இரும்புக்கும் எஃகுக்கும் ஓர் எல்லை இருந்தது. பாரம் அதற்குக் கீழே இருந்தால் எத்தனை முறை வந்து போனாலும் முறிவதில்லை.

அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லைக்கோடு கிடையாது. சிறு பாரமும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

1906இல் பெர்லினுக்கு அருகே ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியம் சூடாக்கிக் குளிர்வித்தபின் நாளாக நாளாகத் தானே இறுகுவதைக் கவனித்தார். டூரலுமின் என்ற அந்தக் கலவை விமானத் தொழிலின் முதுகெலும்பானது. 1930களில் பிரான்சில் பியேர் கமினாட் அதே வகை உலோகத்தில் எட்டுப் பட்டைக் குழாய்களைக் கொண்டு ஃபிரேம் கட்டினார். குழாய்களைப் பற்றவைக்கவில்லை, இணைப்புத் துண்டுகளில் செருகித் திருகி இறுக்கினார்.

உலோகத்தின் களைப்பை உலகம் கண்கூடாகக் கண்டது 1954இல். ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று என, இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறி 56 பேர் இறந்தார்கள். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் ஒரு முழு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, பறக்கும்போது ஏறி இறங்கும் காற்றழுத்தத்தை நீரழுத்தமாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் சுற்றுகளில் உடல் கிழிந்தது. ஜன்னல், கதவு போன்ற திறப்புகளின் ஓரங்களில், அழுத்தம் குவியும் இடங்களில்தான் விரிசல் தொடங்கும் என்பது உறுதியானது. குழாய்கள் கூடும் முனைகள், துளைகள், பற்றவைப்பின் ஓரம் என ஒரு சைக்கிள் ஃபிரேமுக்கும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

1970களில் அலுமினியம் சைக்கிளுக்குத் திரும்பிவந்தது. இத்தாலியில் 1972இல் தொடங்கிய ஆலன் நிறுவனம் குழாய்களை இணைப்புகளில் திருகி ஒட்டியது. பிரான்சின் வீடஸ் 979 ஃபிரேமில் பசை மட்டுமே. அதில் அயர்லாந்தின் ஷான் கெல்லி பந்தயங்களை வென்றார். அமெரிக்காவில் கேரி க்ளைன் வேறு வழியில் போனார். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே குழாயைப் பருமனாக்கினால், எடை கூடாமலே விறைப்பு வரும். உலோகத்தின் மீது விழும் அழுத்தமும் குறையும். 1983இல் கேனன்டேல் நிறுவனம் அத்தகைய பருத்த குழாய் ஃபிரேமைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது.

இந்தக் கணக்கு பலித்ததா? 1997இல் ஜெர்மனியின் 'டூர்' இதழ் உயர்ரக ஃபிரேம்கள் பன்னிரண்டை ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப மிதிக்கும் விசைக்கு உட்படுத்திப் பார்த்தது. கடைசிவரை முறியாமல் நின்றவை மூன்று. அவற்றில் இரண்டு அலுமினியம், ஒன்று கார்பன். எஃகு ஃபிரேம் ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லைக்கோடு இல்லாத உலோகத்தையும் நல்ல வடிவமைப்பு நெடுநாள் வாழவைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இன்றைய ஐ.எஸ்.ஓ. 4210 தரநிலைப்படி, ஒரு நகர்ப்புற சைக்கிள் ஃபிரேம் ஏறக்குறைய 100 கிலோ பாரத்தை ஒவ்வொரு பெடலிலும் 1,00,000 தடவை தாங்க வேண்டும்.

ஆனால் அந்தச் சோதனை புது ஃபிரேமுக்கு. வடிவமைத்தவர் போட்ட கணக்கு குழாய் வட்டமாக இருக்கும்வரை செல்லும். ஒடுக்கு விழுந்த கணமே அழுத்தம் குவிய அங்கே ஒரு புது இடம் உண்டாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளின் கைப்பழக்கம் எஃகில் உருவானது. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளின் வண்டிகளை நம்பி ஊரெல்லாம் வளர்ந்த கடைகள் அவை. ஃபிரேம் வளைந்தால் நெம்பி பெண்டு எடுப்பார்கள். விட்டுப்போனால் கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து ஒட்டுவார்கள். எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். 6061 ரக அலுமினியம் பொறுக்காது. அதன் வலு, பற்றவைத்தபின் முழு ஃபிரேமையும் 500 பாகைக்கும் மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்துப் பெற்றது. தெருவோரத் தீநாக்கு பட்ட இடத்தில் அந்த வலுவில் பெரும்பகுதி போய்விடும். நெம்பி நிமிர்த்தினாலோ, நிமிர்ந்த இடத்திலேயே விரிசல் முளைக்கலாம்.

அதனால் முதலில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது நல்லது, ஒட்டினால் எஃகு. அலுமினியம் என்று தெரிந்தால், ஒடுக்கு எங்கே, எப்படி என்பதுதான் கேள்வி. மேல்பாரின் நடுவில், ஓரம் கூர்மையின்றி, ஆழமில்லாமல் விழுந்த ஒடுக்கைத் தட்டாமல் விட்டு, குறித்துவைத்துக் கண்காணித்து ஓட்டுவோர் உண்டு. கத்தி மடிப்பு போல விளிம்புள்ள ஒடுக்கும், பற்றவைப்புக்கு அருகில் விழுந்ததும் வேறு கதை. நேருக்கு நேர் மோதிய வண்டியில், ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாய்க்குப் பின்னால், கீழ்பாரின் அடிப்பக்கம் சுருக்கமோ புடைப்போ தெரிந்தால் ஃபிரேமின் ஆயுள் முடிந்தது. பெடல் அச்சைச் சுற்றியும், சீட்டுக் குழாயின் பிளவிலும், பின்சக்கரம் மாட்டும் முனைகளிலும் பெயின்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால், பெயின்டைச் சுரண்டி உலோகத்தைப் பார்க்க வேண்டும். கியர் தொங்கும் சிறு கொக்கி மட்டும் விதிவிலக்கு. பல வண்டிகளில் அது வளைவதற்கென்றே தனித் துண்டாக வருகிறது, மாற்றிவிடலாம்.

கண்ணுக்குத் தப்பும் விரிசலைப் பிடிக்கவும் ரயில்வேதான் முதலில் வழிகாட்டியது. பட்டறைகளில் அச்சை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடி பூசுவார்கள். விரிசலில் ஒளிந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறையாகும். எஃகுக்குப் பின்னர் காந்தப் பொடிச் சோதனை வந்தது. அலுமினியத்திடம் அது செல்லவில்லை. 1933இல் விபத்தில் அடிபட்டு இருட்டறையில் படுத்திருந்த அமெரிக்க இளைஞர் ராபர்ட் ஸ்விட்சர், தம்பி ஜோசஃபுடன் சேர்ந்து ஒளிரும் சாயங்களில் ஈடுபாடு கொண்டார். அந்த ஈடுபாடு 1940களில் விமானப் பாகங்களின் விரிசலைப் புறஊதா ஒளியில் காட்டும் 'சைக்லோ' திரவமாக வளர்ந்தது.

இன்று அதன் எளிய உறவினர் ஸ்பிரே டப்பாவில் கிடைக்கிறது. சுரண்டிய உலோகத்தில் சிவப்புச் சாயத்தை அடித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தூவினால் சில நிமிடங்களில் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்துவரும். அப்படி ஒரு கோடு தெரிந்தால், பொறுப்புள்ள கடைக்காரர் அந்த ஃபிரேமை முழுசாகப் பழைய இரும்புக்குப் போடுவதில்லை. வேறொருவர் எடுத்துப் பெயின்ட் அடித்து ஓட்டிவிடாதபடி, இரண்டாக அறுத்துத்தான் போடுகிறார்.