குட்டி விமானமும் பழைய முள்ளும்: ஒரு சின்ன வரலாறு

விமானம் என்றவுடன் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது போயிங், ஏர்பஸ் மாதிரி பெரிய விமானங்கள்தான். ஆனால் அமெரிக்காவில் கார் வைத்திருப்பது போல சொந்தமாகக் குட்டி விமானம் வைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் மிகப் பிரபலமானது நாலு பேர் உட்காரக்கூடிய செஸ்னா 172. 1956-ல் விற்பனைக்கு வந்த இந்த விமானம் இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. நடுவில் 1986 முதல் 1996 வரை பத்து வருடம் உற்பத்தியே கிடையாது. அதனால் இன்றைக்குப் பறக்கும் பல குட்டி விமானங்களுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

எஞ்சினைப் பிரித்து மாட்டலாம், பெயின்ட் அடிக்கலாம். ஆனால் முன்பக்கப் பலகையில் இருக்கும் ரேடியோவையும் கருவிகளையும் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பின்னால் சுவாரசியமான ஒரு வரலாறு இருக்கிறது.

கண்ணைக் கட்டிக்கொண்டு பறந்த மனிதர்

1929 செப்டம்பர் 24. நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் ஜிம்மி டூலிட்டில் என்ற ராணுவ விமானி வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் உட்கார்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை மேலே ஏற்றி, சுற்றி வந்து, இறக்கியும் காட்டினார். அவருக்கு உதவியவை ஸ்பெரி நிறுவனத்தின் செயற்கைத் தொடுவானக் கருவி, திசை காட்டும் கைரோ, கோல்ஸ்மன் செய்த துல்லியமான உயரமானி, தரையிலிருந்து வந்த ரேடியோ சிக்னல். மேகத்துக்குள் பறக்கும் கலை அன்றைக்குத்தான் பிறந்தது என்று சொல்லலாம்.

செயற்கைத் தொடுவானம் என்பது பம்பரத் தத்துவம்தான். வேகமாகச் சுற்றும் பம்பரம் தன் நிலையை விட்டுச் சாயாது. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அது நேராக நிற்பதால், சாய்வு எவ்வளவு என்று தெரிந்துவிடும். குட்டி விமானங்களில் இந்தப் பம்பரத்தைச் சுற்ற வைப்பது காற்று. எஞ்சினோடு இணைந்த ஒரு பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த ஓட்டத்தில் பம்பரம் சுழலும்.

இங்கேதான் ஆபத்து. அந்த பம்ப்புக்குள் இருக்கும் கார்பன் தகடுகள் தேய்ந்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்துவிடும். ஆனால் பம்பரம் உடனே நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறையும். முள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். அதாவது கருவி நின்றுபோவதில்லை, மெதுவாகப் பொய் சொல்ல ஆரம்பிக்கிறது! மேகத்துக்குள் இருக்கும் விமானி அந்தப் பொய்யை நம்பித் திருப்பினால் கதை முடிந்தது.

ஒரு கருவி பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு 2000 அக்டோபர் 16 ஓர் உதாரணம். மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னஹன், செனட் தேர்தல் பிரச்சாரத்துக்காக இரட்டை எஞ்சின் செஸ்னா 335 விமானத்தில் இரவில், மோசமான வானிலையில் போய்க்கொண்டிருந்தார். ஓட்டியவர் அவருடைய மகன். இடது பக்கச் செயற்கைத் தொடுவானக் கருவி பழுதாகிவிட, வலது பக்கக் கருவியை எட்டிப் பார்த்தபடி ஓட்ட வேண்டியதாயிற்று. விமானம் விழுந்து மூன்று பேரும் இறந்தார்கள். வாக்குச்சீட்டில் பெயர் அப்படியே இருந்ததால், இறந்தபின் கார்னஹன் அந்தத் தேர்தலில் வென்றார் என்பது இன்னொரு சோகம்.

ரேடியோ வந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விஓஆர் என்ற வழிகாட்டி நிலையங்கள் பரவின. அவற்றைப் பிடிக்கும் ரேடியோக்களைக் குட்டி விமானங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுத்ததில் நார்கோ நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1959-ல் எட் கிங் என்பவர் கன்சாஸில் கிங் ரேடியோவைத் தொடங்கினார். 90 சேனல் ரேடியோ போய் 360 வந்தது, பிறகு 720 வந்தது. ஒவ்வொரு முறையும் நன்றாக வேலை செய்த பழைய பெட்டி மதிப்பிழந்தது.

பெட்டி பழசானால் கோளாறும் வரும். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பெட்டியைத் திறக்க மாட்டார். அதை வெளியே இழுத்து, பின்பக்க இணைப்புகளைச் சுத்தம் செய்து, மறுபடி சொருகிப் பார்ப்பார். பாதிக் கோளாறு அதிலேயே சரியாகலாம். பிறகு ஆன்டெனா அடியில் துரு, கேபிள் முனை, எர்த் இணைப்பு என்று வரிசையாகப் பார்ப்பார். எஞ்சின் வேகம் கூடக்கூட ஹெட்செட்டில் 'கீ...' என்ற சத்தமும் கூடினால், சந்தேகம் ஆல்டர்னேட்டர் பக்கம் போகும். பலகைக்குப் பின்னால் பல வருடமாகச் சேர்ந்த ஒயர் காடு வேறு இருக்கும். கூலி மணிக்கணக்கில் ஏறும். உதிரி பாகத்தின் விலையை விடத் தேடிய கூலி அதிகமாவது சகஜம்.

1989-ல் கேரி பரல், மின் காவ் என்ற இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து ஒரு ஜிபிஎஸ் நிறுவனம் தொடங்கினார்கள். இரண்டு பெயரையும் ஒட்டியதுதான் 'கார்மின்'. 1998-ல் வந்த அவர்களுடைய ஜிஎன்எஸ் 430, ரேடியோ, விஓஆர், ஜிபிஎஸ், வரைபடம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கியது. 2004-ல் புது செஸ்னாக்களில் ஜி1000 என்ற முழுத் திரையே வந்துவிட்டது. முள்ளும் பம்பரமும் பின்னுக்குப் போய், கணினித் திரை முன்னுக்கு வந்தது.

சட்டம் போட்ட முடிச்சு

அப்படியானால் பழைய விமானத்திலும் ஒரு திரையை மாட்டிவிடலாமே? முடியாது. சான்றிதழ் பெற்ற விமானத்தில் இப்படிப்பட்ட பெரிய மாற்றம் செய்ய எஃப்ஏஏ அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரம் வாங்கச் சோதனை, ஆவணம் என்று பெரும் பணம் செலவாகும். காருக்கு ஸ்டீரியோ செய்பவர் அந்தச் செலவை லட்சக்கணக்கான காரில் பங்கு போடலாம். இங்கே விற்கப் போவதோ சில ஆயிரம் பெட்டி. ஒவ்வொன்றின் தலையிலும் அந்த நிலையான செலவு ஏறி உட்காரும். செலவழித்த உரிமையாளருக்கும் விமானத்தை விற்கும்போது முழுப் பணமும் திரும்பாது. அதனால் பலர் பழைய முள்ளோடு பறந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பாதிக்கு மேல் சொந்தக் கையால் கட்டிய விமானத்துக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அவர்கள் 2000-களிலேயே டைனான் போன்ற நிறுவனங்களின் மலிவான மின்னணுத் திரைகளை மாட்டிக்கொண்டார்கள். ஒரே வானத்தில், கொட்டகையில் கட்டிய விமானத்தில் நவீனத் திரை; தொழிற்சாலையில் செய்த விமானத்தில் தேயும் கார்பன் பம்ப்! பாதுகாப்புக்காகப் போட்ட சட்டமே பாதுகாப்பான கருவியைத் தடுத்தது.

முடிச்சு அவிழ்ந்தது 2016-ல். தனியார் விமான ஆர்வலர்களின் சங்கமான இஏஏ முயற்சி எடுத்து, டைனான் டி10ஏ என்ற திரையை செஸ்னா 172 போன்ற சில விமானங்களில் பொருத்த எஃப்ஏஏ அனுமதி பெற்றது. அதே வருடம் கார்மினின் ஜி5-ம் வந்தது. மின்சாரம் போனாலும் இவற்றுக்குச் சொந்த பேட்டரி உண்டு. பம்ப் தேயும் பேச்சே இல்லை.

அடுத்து கட்டாயம் வந்தது. 2020 ஜனவரி 1 முதல், முக்கியமான வான்பகுதிகளில் பறக்கும் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி வைத்திருக்க வேண்டும் என்றானது. உரிமையாளர்களைத் தூண்ட, அரசே 500 டாலர் திருப்பித் தந்தது. எப்படியும் பலகையைப் பிரிக்க வேண்டியிருந்ததால், பலர் மற்ற பழசுகளையும் அப்போதே மாற்றிவிட்டார்கள்.

டூலிட்டில் பறந்தபோது புதுமை என்பது அந்தப் பம்பரம்தான். அதே பம்பரம் எண்பது வருடம் கழித்தும் பலருடைய உயிரைச் சுமந்துகொண்டிருந்ததற்குக் காரணம் மாற்று இல்லாதது அல்ல, மாற்றின் விலை. ஒரு சட்டம் எதைத் தடுக்கிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள், அதனால் எது வராமலே போகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.