அவசரத்துக்கு ஒரு டாக்டர்

டாக்டருக்கும் காய்ச்சல் வரும், வீட்டில் கல்யாணம் வரும். அந்த நாட்களில் அவருக்குப் பதிலாக நோயாளிகளைப் பார்ப்பவரை இங்கிலாந்தில் 'லோக்கம்' என்கிறார்கள். 'லோக்கம் டெனன்ஸ்' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம் இது. இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர் என்று அர்த்தம். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரிதான். ஆனால் இந்தத் துண்டு ஊசியும் போடும்!

1948 ஜூலை 5-ல் அங்கே அரசின் இலவச மருத்துவத் திட்டம் தொடங்கியது. தன் பட்டியலில் உள்ள நோயாளிகளுக்கு இரவும் பகலும் குடும்ப டாக்டர்தான் பொறுப்பு. தான் போக முடியாவிட்டால் வேறொரு டாக்டரை அவரே ஏற்பாடு செய்ய வேண்டும். அதனால், அனுப்பும் ஆள் எப்படிப்பட்டவர் என்ற கவலை அவருக்கு இருந்தது.

2004-ல் புது ஒப்பந்தம் வந்தது. வருடத்துக்குச் சராசரியாக 6,000 பவுண்டை விட்டுக்கொடுத்தால் இரவு, வார இறுதிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். பெரும்பாலான டாக்டர்கள் விலகினார்கள். அந்தப் பொறுப்பு வட்டார சுகாதார அமைப்புகளிடம் போனது. பல இடங்களில் அவை தனியார் நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைத்தன. நிறுவனங்களோ ஆள் பற்றாக்குறைக்கு ஐரோப்பாவிலிருந்து டாக்டர்களை விமானத்தில் வரவழைத்தன.

2008 பிப்ரவரியில் அப்படி ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். பிரிட்டனில் அதுதான் அவருக்கு முதல் பணி நேரம். கேம்பிரிட்ஜ்ஷயரில் சிறுநீரகக் கல் வலியால் துடித்த 70 வயதுக்காரருக்கு 100 மில்லிகிராம் டயமார்ஃபின் போட்டார். கொடுக்க வேண்டிய அளவைப்போல் 10 மடங்கு! ஜெர்மனியில் டாக்டர்கள் வலிக்கு அந்த மருந்தைக் கொடுப்பதில்லை. நோயாளி இறந்துபோனார். 2010-ல் மரண விசாரணை, இது சட்டத்துக்குப் புறம்பான கொலை என்று முடிவு சொன்னது.

விஷயம் அதோடு முடியவில்லை. இந்த டாக்டருக்கு ஆங்கிலம் போதாது என்று லீட்ஸ் வட்டாரம் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தது. கார்ன்வால் வட்டாரம் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கடைசியில் அவர் வேலை பார்த்ததோ கேம்பிரிட்ஜ்ஷயரில். ஒருவர் சோதித்திருப்பார் என்று இன்னொருவர் நம்பியதன் விலை ஓர் உயிர்.

ஐரோப்பிய ஒன்றிய விதிகளால் அப்போது மருத்துவக் கவுன்சிலும் ஒன்றிய நாட்டு டாக்டர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்க முடியாமல் இருந்தது. 2013-ல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே பட்டியல் வந்தது. 2014-ல் மொழியைச் சோதிக்கும் அதிகாரம் கவுன்சிலுக்குக் கிடைத்தது. இரண்டும் நல்ல மாற்றங்கள்தான்.

ஆனால் பழைய ஏற்பாட்டில் ஒன்று இருந்தது. மாற்று டாக்டர் தவறு செய்தால், திங்கட்கிழமை காலையில் அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவரை அனுப்பிய டாக்டர்தான். அந்தப் பயத்தை எந்த ஒப்பந்தத்தில் எழுத முடியும்?