1973 திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல்

1973 திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல் என்பது, தமிழ்நாட்டின் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் 1973 மே 20 அன்று நடைபெற்ற தேர்தலாகும். நடிகர் ம. கோ. இராமச்சந்திரன் (எம்.ஜி.ஆர்.) தொடங்கிய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் (அ.தி.மு.க.) போட்டியிட்ட முதல் தேர்தல் இதுவே. கட்சி தோன்றிய ஏழே மாதங்களில், மாநிலத்தின் ஆளுங்கட்சியை மூன்றாம் இடத்திற்குத் தள்ளி, அதன் வேட்பாளர் கி. மாயத்தேவர் வெற்றி பெற்றார். மக்களாட்சியில் ஊடகத்தின் செல்வாக்கு, குறிப்பாகத் திரைப்படத்தின் செல்வாக்கு பற்றிய ஆய்வுகளில் இத்தேர்தல் ஒரு முக்கிய எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது.

பின்னணி

1971 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் (தி.மு.க.) சட்டமன்றத்தின் 234 இடங்களில் 184 இடங்களை வென்று ஆட்சியைத் தக்க வைத்துக்கொண்டது. அதே ஆண்டு திண்டுக்கல் மக்களவைத் தொகுதியிலும் அக்கட்சியின் எம். இராசாங்கம் வெற்றி பெற்றார். அவரது மறைவால் இத்தொகுதியில் இடைத்தேர்தல் தேவைப்பட்டது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தனி மாவட்டமானது 1985-இல்தான்.

தி.மு.க.வின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர்., கட்சி நிர்வாகிகள் தம் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் பேசியதை அடுத்து, 1972 அக்டோபரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அவர் புதிய கட்சியைத் தொடங்கினார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டதால் எழுந்த அதிருப்தியும் புதிய கட்சிக்குத் துணையாயிற்று.

இரட்டை இலைச் சின்னம்

புதிய கட்சியான அ.தி.மு.க. அப்போது தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் பெறவில்லை. ஆகவே, 1968-ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணையின்படி அதற்கென ஒதுக்கப்பட்ட சின்னம் ஏதும் இல்லை. அங்கீகாரமற்ற கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்குமான சின்னங்களின் பட்டியலிலிருந்து மாயத்தேவர் இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் அதுவே கட்சியின் நிலையான சின்னமாயிற்று.

1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் மட்டுமே. வாக்குச்சீட்டில் பெயரைப் படிக்க இயலாதோருக்குச் சின்னமே வேட்பாளரின் அடையாளம். இரட்டை இலை சுவரில் எளிதில் வரையக்கூடியது. இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினாலே அதைக் குறிப்பால் உணர்த்தவும் முடிந்தது.

பரப்புரையும் ஊடகங்களும்

இத்தேர்தலின்போது தமிழ்நாட்டில் தொலைக்காட்சி இல்லை. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-இல்தான் தொடங்கப்பட்டது. வானொலி நடுவண் அரசின் கையில் இருந்தது. அரசியல் கட்சிகள் வானொலியில் பரப்புரை செய்ய முதன்முதலில் 1977-இல்தான் வாய்ப்பளிக்கப்பட்டது. கட்சி நாளிதழ்கள் படிக்கத் தெரிந்தோரிடம் மட்டுமே சென்று சேர்ந்தன. எனவே எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் எட்டக்கூடியவையாக இருந்தவை பொதுக்கூட்டம், சுவரொட்டி, ஒலிபெருக்கி, திரையரங்கு ஆகியவையே. சிற்றூர்களில் இயங்கிய கூடாரக் கொட்டகைகள் (டூரிங் டாக்கீஸ்) பழைய படங்களையும் மீண்டும் மீண்டும் திரையிட்டன.

எம்.ஜி.ஆரின் படங்கள் அரசியல் அடையாளங்களைப் பல ஆண்டுகளாகவே தாங்கி வந்தன. 1958-இல் வெளியான நாடோடி மன்னன் படத்தைத் தயாரித்த அவரது நிறுவனத்தின் முத்திரையில், ஆணும் பெண்ணும் கறுப்பு சிவப்புக் கொடியை ஏந்தி நின்றனர். 1967 சனவரியில் சுடப்பட்டுக் கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த படம், அவ்வாண்டுத் தேர்தலில் சுவரொட்டியாகப் பரப்பப்பட்டது. இவ்வாறு தி.மு.க.வுக்குத் துணை செய்த அதே திரை பிம்பம் 1973-இல் அக்கட்சிக்கு எதிராக நின்றது.

வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள்களுக்கு முன்பு, மே 11 அன்று, எம்.ஜி.ஆர். தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த உலகம் சுற்றும் வாலிபன் திரைப்படம் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் முறையைக் கண்டறிந்த அறிவியலாளர் பற்றிய இக்கதையில் தேர்தல் பரப்புரை என்று சொல்லத்தக்கது எதுவும் மையமாக இல்லை. ஆயினும், வேட்பாளராக நிற்காத ஒருவரின் முகத்தைத் தேர்தல் நேரத்தில் மக்கள் முன் அது நிறுத்தியது.

திரையைப் போலவே இன்றியமையாததாக இருந்தது இரசிகர் மன்றங்களின் வலையமைப்பு. ஊர்தோறும் இருந்த எம்.ஜி.ஆர். மன்றங்கள் பல புதிய கட்சியின் கிளைகளாக மாறின. பொதுவாகப் பல ஆண்டுகள் தேவைப்படும் அமைப்புப் பணியின் பெரும்பகுதி இதனால் முன்னரே முடிந்திருந்தது.

முடிவுகள்

* கி. மாயத்தேவர் (அ.தி.மு.க.) – ஏறத்தாழ 2.6 இலட்சம் வாக்குகள்
* என். எஸ். வி. சித்தன் (நிறுவன காங்கிரசு) – ஏறத்தாழ 1.19 இலட்சம் வாக்குகள்
* பொன். முத்துராமலிங்கம் (தி.மு.க.) – ஏறத்தாழ 93 ஆயிரம் வாக்குகள்

வாக்கு வேறுபாடு ஏறத்தாழ 1.4 இலட்சமாகும். நடுவண் அரசில் ஆட்சியில் இருந்த இந்திரா காந்தியின் காங்கிரசு பிணைத்தொகையை இழந்தது.

விளைவுகள்

1977 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வென்று எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 1987-இல் மறையும் வரை, 1980-இல் சில மாதங்கள் நீங்கலாக, அவர் அப்பதவியில் இருந்தார். ஆந்திரப் பிரதேசத்தில் நடிகர் என். டி. இராமராவ் 1982-இல் தொடங்கிய தெலுங்கு தேசம் கட்சி 1983 சனவரியில் ஆட்சியைப் பிடித்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

மாயத்தேவர் 1977-இல் மீண்டும் வென்றார். பின்னர் தி.மு.க.வில் சேர்ந்து, 1980-இல் இதே தொகுதியில் அக்கட்சியின் சார்பில் வெற்றி பெற்றார். அவர் 2022 ஆகத்து 9 அன்று காலமானார்.

ஆய்வாளர்களின் கருத்துகள்

இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி, 1981-இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆங்கில நூலில், சாதி வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு திரையரங்கே என்று கருதினார். இப்பார்வையில் திரைப்படம் மக்களாட்சித் தன்மை கொண்ட ஊடகமாகிறது.

எம். எஸ். எஸ். பாண்டியன் 1992-இல் வெளியிட்ட நூலில் மாறான கேள்வியை எழுப்பினார். ஏழைகளின் காவலராகத் திரையில் உருவான பிம்பத்திற்கும், எம்.ஜி.ஆர். ஆட்சியின் பொருளாதாரக் கொள்கைகளுக்கும் இடையே இருந்த முரண்பாட்டை அவர் சுட்டிக்காட்டினார். மதுரையில் களஆய்வு செய்த சாரா டிக்கி, இரசிகர் மன்றங்களின் சமூகப் பணிகளையும் அரசியல் தொடர்பையும் ஆராய்ந்தார்.

திரைப்புகழ் மட்டுமே வெற்றி தரும் எனக் கொள்வதற்கில்லை. பெரும்புகழ் பெற்ற நடிகர் சிவாஜி கணேசன், தாம் தொடங்கிய கட்சியின் சார்பில் 1989-இல் திருவையாற்றில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 1980-இல் எம்.ஜி.ஆரின் கட்சி திண்டுக்கல்லிலேயே தோற்றது. ஆளுங்கட்சி மீதான அதிருப்தி, ஊர்தோறும் அமைப்பு, எளிதில் நினைவில் நிற்கும் சின்னம் ஆகியவற்றோடு திரைப்புகழும் சேர்ந்ததே 1973-இன் தனித்தன்மையாகும்.

சட்ட நிலை

1973-இல் தேர்தலை ஒட்டித் திரைப்படத்தை வெளியிடுவதற்குத் தேர்தல் சட்டத்தில் தடை இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு 1996-இல் திருத்தப்பட்டபோது, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பானவற்றைத் திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றின் வழியே காட்டுவது தடைசெய்யப்பட்டது. தொலைக்காட்சி அரசியல் விளம்பரங்களுக்கு முன்அனுமதி வேண்டும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013-இல் தேர்தல் ஆணையம் இவ்விதியைச் சமூக ஊடகங்களுக்கும் விரிவாக்கியது. 2019-இல் பிரதமர் நரேந்திர மோதியின் வாழ்க்கை பற்றிய திரைப்படம் தேர்தல் முடியும் வரை வெளியிடப்படக் கூடாது என ஆணையம் தடுத்தது.

இவற்றையும் பார்க்க

* இரட்டை இலைச் சின்னம்
* உலகம் சுற்றும் வாலிபன்
* தமிழகத் திரைப்படத்துறையும் அரசியலும்
* திண்டுக்கல் மக்களவைத் தொகுதி