140 பெரிசா, 30 பெரிசா?

அம்மம்மாவின்ட கிளினிக் கொப்பியைத் திறந்தால் 140/90 என்று எழுதியிருக்கும். மோட்டார் சைக்கிள் ரயருக்குக் காத்தடிக்கப் போனால் கடைக்காரர் “முப்பது காணும்” என்பார். இரண்டையும் நாங்கள் பிரசர் எண்டுதான் சொல்லுறம். அப்ப, அம்மம்மாவின்ட கையில இருக்கிற அமுக்கம் ரயரில இருக்கிறதைவிடப் பெரிசா?

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எங்களில் சிலருக்கே உடன பதில் வரேல்லை. 760 என்ற எண் பாடம். அது ஏன் 760 என்பது தெரியாது. அதைத் தேடினால் 17ஆம் நூற்றாண்டு இத்தாலிக்குப் போக வேண்டியிருக்கிறது.

உறிஞ்சு பம்பியால் தண்ணீரை ஏறத்தாழ 10 மீற்றருக்கு மேலே இழுக்க முடியவில்லை. கலிலியோவும் இதைப்பற்றி எழுதினார். அவருக்குப் பின்வந்த ரொரிசெல்லி, தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியான இரசத்தை எடுத்தார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் அதை நிரப்பி, இரசமுள்ள பாத்திரத்தில் கவிழ்த்தால், ஏறத்தாழ 76 சென்ரிமீற்றரில் நின்றுவிடும். பாத்திரத்திலுள்ள இரசத்தை வெளியே இருக்கும் வளி தன் நிறையால் அமுக்குகிறது, அதுதான் குழாயில் இரசத்தைத் தாங்குகிறது என்று 1644 இல் ஒரு கடிதத்தில் விளக்கினார்.

இதை மலையில் சோதிக்க நினைத்தார் பிரான்சின் பஸ்கால். அவர் பரிசில் இருந்தார், மலை கிளெர்மோனில். எனவே அந்த வேலையைத் தன் அக்காவின் கணவர் பெரியேயிடம் ஒப்படைத்தார். 1648 செப்ரெம்பர் 19 அன்று பெரியே ஒரு குழாயைக் கீழே ஒரு துறவியின் கண்காணிப்பில் விட்டுவிட்டு, இன்னொன்றோடு புய் த தோம் மலையில் ஏறினார். உச்சியில் இரசம் எட்டுச் சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தது. கீழே இருந்த குழாயில் நாள் முழுக்க மாற்றமே இல்லை. மேலே போகப் போக எங்களுக்கு மேலே இருக்கிற வளி குறையுது, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேணும். குழாய் அகலமோ ஒடுக்கமோ, இரசம் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அகலமான குழாயில் இரசத்தின் நிறை கூட, ஆனால் அதைத் தாங்கும் பரப்பும் கூட. ஆகவே அமுக்கம் என்பது வெறும் நிறை இல்லை. பரப்பால் பிரித்த நிறை. ஒரு சதுர சென்ரிமீற்றர் மேல் 76 சென்ரிமீற்றர் இரசம் நின்றால், 76 × 13.6 = ஏறத்தாழ 1034 கிராம். அதையே இறாத்தலிலும் சதுர அங்குலத்திலும் சொன்னால் 14.7. அதுதான் பி.எஸ்.ஐ. நியூற்றனிலும் சதுர மீற்றரிலும் சொன்னால் 101,325. அந்த அலகுக்கு 1971 இல் பஸ்காலின் பெயரை வைத்தார்கள். ஒரு பஸ்கால் மிகச் சின்னன்: ஏறத்தாழ 100 கிராமை ஒரு சதுர மீற்றரில் பரப்பி வைத்த மாதிரி. அதனால்தான் கிலோபஸ்கால் தேவைப்படுகிறது.

இப்ப கேள்விக்கு வருவம். 760 மில்லிமீற்றர் இரசமும் 14.7 பி.எஸ்.ஐ.யும் ஒன்று. ஆகவே ஒரு பி.எஸ்.ஐ. ஏறத்தாழ 51.7 மில்லிமீற்றர் இரசம். அம்மம்மாவின் 140 வெறும் 2.7 பி.எஸ்.ஐ.தான். ரயரின் 30 ஏறத்தாழ 1550 மில்லிமீற்றர். பதினொரு மடங்கு! இரண்டும் வளிமண்டல அமுக்கத்துக்கு மேலதிகமாக உள்ளதைத்தான் காட்டுகின்றன. காத்துப் போன ரயரில் மானி பூச்சியத்தைக் காட்டினாலும் உள்ளே வளி இல்லை என்று அர்த்தமில்லை.

1828 இல் புவாசேய் இரத்த அமுக்கத்தை அளக்க இரசத்தைப் பயன்படுத்தினார். 1896 இல் ரிவா-ரொச்சி கையில் பட்டி சுற்றி அளக்கும் கருவியை உருவாக்கினார். இரசம் நஞ்சு என்பதால், 2013 இன் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு அந்தக் கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. இண்டைக்கு பற்றறியில் ஓடுற மெசினுக்குள்ள ஒரு துளி இரசமும் இல்லை. ஆனாலும் அது காட்டுற 140, இரசம் ஏறியிருக்க வேண்டிய உயரம்தான்.

அடுத்தமுறை கிளினிக் கொப்பியைப் பார்க்கேக்க, எண்ணுக்குப் பக்கத்தில என்ன அலகு எண்டு முதல்ல கேட்பம். அது இல்லாமல் 140 உம் 30 உம் வெறும் எண்கள்தான்.